ஒரு நிமிடம் முன்னால் போன பஸ்

ஒரிகாசா அக்காவை முதன்முதலில் பார்த்தபோது அவர் என் பெட்டிகளைத் திட்டுகிறார் என்றுதான் நினைத்தேன்.

எட்டு வருடத்துக்கு முன், ஏப்ரல் மாதத்து மாலை. ஜப்பானின் நாரிட்டா விமான நிலையத்தில் வந்து இறங்கியிருந்தேன். மொழிப் பள்ளியிலிருந்து மறுநாள் காலையில்தான் ஆள் வருவார் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு ராத்திரிக்காக, பக்கத்தில் இருப்பதிலேயே மலிவான ஹோட்டலில் அறை போட்டிருந்தேன். ஹோட்டல் பஸ் நிற்கும் கம்பத்தடியில் இரண்டு பெட்டிகளோடு காத்திருந்தபோது சின்ன வெள்ளை பஸ் ஒன்று வந்து நின்றது. நீலச் சட்டையும் வெள்ளைக் கையுறையும் போட்ட ஒரு பெண் இறங்கி வந்து, நான் தடுப்பதற்குள் இரண்டு பெட்டியையும் தூக்கிப் பின்னால் அடுக்கினார். அப்புறம் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, ஆள்காட்டி விரலை நேராக நீட்டி, ஒவ்வொரு பெட்டியாகச் சுட்டிச் சத்தமாக ஏதோ சொன்னார். கடைசியில் அந்த விரல் என் மார்புக்கு நேராக வந்து நின்றது.

எனக்கு அப்போது அந்த மொழியில் உருப்படியாகத் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை. "மன்னிக்கணும்" என்றேன். குனிந்து கும்பிடவும் செய்தேன். பஸ்ஸுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஒரு கைப்பந்தாட்டக் குழுவின் பிள்ளைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவர் சொன்னது, "பெட்டி ரெண்டு, ஆள் ஒண்ணு, சரி!" என்பதுதான். ரயில்காரர்களும் பஸ்காரர்களும் அங்கே அப்படித்தான். கண்ணால் பார்த்தால் போதாது. விரலால் காட்ட வேண்டும், வாயால் சொல்ல வேண்டும். அப்போதுதான் பார்த்ததாகக் கணக்கு. அதெல்லாம் பின்னால் புரிந்தது.

இரண்டு வருடம் மொழி படித்து, ஏழெட்டு இடத்தில் நேர்காணலுக்குப் போய்த் திரும்பி, கடைசியில் அதே ஹோட்டலின் ரிசப்ஷனில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் நாள் சீருடை போட்டுக்கொண்டு நின்றவனை அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ அந்தப் பெட்டிக்காரன்தானே? விரலை நீட்டினதும் மன்னிப்புக் கேட்டியே!"

"ஆமாங்க."

"அப்படி என்னடா பண்ணிட்டு வந்தே ஊர்ல?"

அன்றைக்கு ஆரம்பித்தது. அவர் முழுப் பெயர் ஒரிகாசா முட்சுமி. ஹோட்டலில் சமையல்காரரிலிருந்து துணி மடிக்கிறவர் வரை எல்லோரும் அவரை அவர்கள் மொழியில் அக்கா என்றே கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். என் பெயர் தணிகாசலம். அது அங்கே யார் வாயிலும் நுழையாமல் 'தனி சான்' ஆகிவிட்டது; 'சான்' என்பது அங்கே மரியாதைக்குச் சேர்ப்பது. ஆனால் ஒரிகாசா அக்கா எனக்கு வைத்த பெயர் வேறு.

செய்யாறு பக்கத்தில் எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு, இன்றைக்கும் உண்டு. அதை முதல் வாரத்திலேயே ஹோட்டலில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று, கேட்காதவர்களிடமும். அதற்கப்புறம் மூன்றாம் மாடியில் பல்பு போனாலும் சரி, காபி இயந்திரம் மக்கர் பண்ணினாலும் சரி, அக்கா வாசலில் நின்று குரல் கொடுப்பார்.

"பட்டதாரி ஐயாவைக் கூப்பிடுங்க! அவர் கை பட்டா தானா எரியும்!"

அவர் பள்ளிக்கூடத்தோடு நிறுத்திக்கொண்டவர். சோஷி துறைமுகத்தில் மத்தி மீன் பிடிக்கும் குடும்பம். பதினெட்டு வயதில் சுற்றுலா பஸ்ஸில் வழிகாட்டிப் பெண்ணாகச் சேர்ந்தார். மைக்கைப் பிடித்து, போகிற வழியில் தெரிகிற மலைக்கும் ஆற்றுக்கும் கதை சொல்ல வேண்டும், நடுவில் பாடவும் வேண்டும். "என் பாட்டைக் கேட்டுத்தான் பாதிப் பேர் தூங்கினாங்க, மீதிப் பேருக்கு வாந்தி" என்பார். அந்த வேலைக்கு ஆள் வேண்டாம் என்று கம்பெனிகள் நிறுத்தத் தொடங்கியபோது அவருக்கு இருபத்தெட்டு வயது, கையில் இரண்டு வயதுப் பையன். நின்று பேசுகிற இடத்திலிருந்து உட்கார்ந்து ஓட்டுகிற இடத்துக்கு மாறிவிடலாம் என்று தீர்மானித்துப் பெரிய வண்டிக்கான உரிமத்துக்குப் படித்தார். இரண்டு தடவை தேறவில்லை. "பன்னிரண்டு மீட்டர் பஸ்ஸைப் பொம்பளை பின்னால எடுக்கறதா?" என்று கட்டினவர் சிரித்தாராம். மூன்றாம் தடவை தேறிவிட்டார். அடுத்த வருடம் அந்த ஆளை விட்டும் வந்துவிட்டார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று ஒரு நாள் கேட்டேன்.

"பின்னால எடுக்கறது எப்படின்னு கத்துக்கிட்டேன்ல," என்றார்.

பதினோரு வருடமாக ஜனங்களை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தவர், விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. எனக்கு ஒரு குளிர்காலம் காய்ச்சல் வந்து மூன்று நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, என் அறைக் கதவின் கைப்பிடியில் கஞ்சிப் பொட்டலமும் அவித்த நிலக்கடலையும் மாட்டிவிட்டு, மணிகூட அடிக்காமல் போய்விட்டார். பிறகு போன் வந்தது. "கதவைத் திற. செத்துட்டியா இருக்கியா?" அவ்வளவுதான். எங்கள் பக்கத்திலும் கடலை அவிப்போம் என்று சொன்னேன். "அப்போ நீ மனுஷன்தான்" என்று வைத்துவிட்டார்.

இனி சொல்லப் போவது மூன்று வருடத்துக்கு முன், நவம்பரில் நடந்தது.

எங்களுடையது ஒரு ராத்திரி தங்குகிறவர்களின் ஹோட்டல். காலை முதல் விமானத்தைப் பிடிக்கிறவர்களும், கடைசி ரயிலை விட்டவர்களும்தான் வருவார்கள். அறையில் கட்டில் போக, பெட்டியைத் திறந்து வைக்கத்தான் இடமிருக்கும். ஆனால் பஸ் ஒழுங்கு. அரை மணிக்கு ஒன்று, வாசலில் பலகையில் நேரம் போட்டிருக்கும். முதல் நாளே ரிசப்ஷனில் ஒரு தாளில் பெயரை எழுதி வைத்துவிட வேண்டும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஓட்டுநர் ஆளைச் சரிபார்ப்பார்.

ஒரு புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் கையில் பெரிய தெர்மகோல் பெட்டியோடு வந்தார். பெயர் குரிஹாரா. காஷிமா பக்கம் டோஃபு, அதாவது சோயாப் பன்னீர், செய்து விற்கும் கடை வைத்திருக்கிறவர்.

"தம்பி, இதை எங்கேயாவது குளிர்ச்சியா வைக்க முடியுமா?"

"உள்ளே என்ன ஐயா?"

"டோஃபு. இருபது கட்டி. மத்தியானம் செஞ்சது. நாளைக்கு ஒக்கினாவால என் பொண்ணுக்குக் கல்யாணம்."

ஒக்கினாவா டோஃபுவுக்கே பேர்போன தீவு. திருநெல்வேலிக்கே அல்வாவா என்று என் மனதில் ஓடியது. முகத்தில் தெரிந்துவிட்டது போல.

"தெரியும் தெரியும், அங்கேயே கிடைக்கும். அப்பன் கையால செஞ்சது வேணும்னு பொண்ணு கேட்டா. என்ன செய்ய?" என்று சிரித்தார். "கடையைச் சாயங்காலம்தான் மூட முடிஞ்சுது. காலையில ஆறு இருபத்தஞ்சு விமானம். அஞ்சரை பஸ்ஸுக்கு என் பேரைப் போட்டுக்கோ."

"போட்டுடறேன் ஐயா."

பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய்ச் சமையலறை ஃப்ரிட்ஜில் வைத்தேன். 'குரிஹாரா, ஐந்தரை பஸ்' என்று சீட்டு எழுதி ஒட்டினேன். திரும்பி வந்து தாளில் எழுத வேண்டும். வரும்போதே போன் அடித்தது. நான்காம் மாடியில் ஒரு அறையில் வெந்நீர் வரவில்லை. ஓடினேன். தாள் மறந்தே போய்விட்டது.

காலை ஐந்து இருபத்தைந்துக்குக் குரிஹாரா கீழே வந்தார். கறுப்பு கோட்டு, வெள்ளை டை, படிய வாரிய தலை. பெட்டியைக் கேட்டார். நானும் அவரும் சமையலறைக்குப் போனோம். காலைச் சாப்பாட்டுக்கான முட்டைத் தட்டுகளை யாரோ அந்தப் பெட்டிமேல் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். "மெதுவா, மெதுவா, பஸ்ஸுக்கு நேரம் இருக்கு," என்றார் அவர்.

அந்த நேரத்தில் வாசலில் என்ன நடந்தது என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. பஸ்ஸில் ஒன்பது பேர் ஏறியிருந்தார்கள். தாளிலும் ஒன்பது பெயர்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண், தன் விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். "எல்லாரும் வந்தாச்சுல்ல அக்கா, எடுத்துடுங்களேன்" என்று கெஞ்சினார். ஒரிகாசா அக்கா தாளைப் பார்த்தார், ஆட்களைச் சுட்டி எண்ணினார், சரியாக இருந்தது. வண்டியை எடுத்துவிட்டார். அப்போது மணி ஐந்து இருபத்தொன்பது.

நாங்கள் பெட்டியோடு வாசலுக்கு வந்தபோது பஸ்ஸின் சிவப்பு விளக்கு பெரிய சாலையில் திரும்பிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்கக் கூடத்துக் கடிகார முள் ஐந்தரைக்கு வந்தது. குரிஹாரா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு சாலையைப் பார்த்தார்.

டாக்ஸிக்குப் போன் போட்டேன். கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். வந்து சேர இருபது நிமிடம் ஆனது. அந்த விமானம் போய்விடும் என்று தெரிந்து, ஹானேடா விமான நிலையத்திலிருந்து கிளம்பும் வேறொன்றில் இடம் பிடித்துக் கொடுத்தேன். முதலில் நாரிட்டா போய், அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் ஹானேடா போய், அப்புறம் பறந்து, இறங்கி ஒரு மணி நேரம் காரில் போனால், கல்யாண மண்டபத்துக்கு ஒன்றே முக்கால். முகூர்த்தம் ஒன்றரை மணிக்கு. டோஃபுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் உட்கார்ந்தவர், கண்ணாடியை இறக்கி, "நீ ரொம்ப ஓடிட்டே தம்பி, நன்றி" என்றார். நான் அப்போதும் தாளைப் பற்றிச் சொல்லவில்லை.

ஆறு ஐந்துக்கு அக்கா திரும்பி வந்தார்.

"என்ன மூஞ்சி இது? பட்டத்தைப் பிடுங்கிட்டாங்களா?"

சொன்னேன். அவர் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அவர் கதவுகிட்ட எத்தனை மணிக்கு வந்தார்?"

"அஞ்சரைக்கு. சரியா."

கையுறையைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் வைத்தார்.

"தாள்ல பேர் இல்லைதானே அக்கா…" என்று இழுத்தேன். ஏன் இல்லை என்பதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"தாள்ல இல்லை. பலகையில அஞ்சரைன்னு இருக்குல்ல."

மேலாளர் ஹமானோ எட்டு மணிக்கு வந்தார். அக்கா அதற்குள் அறிக்கை எழுதி முடித்திருந்தார். காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: ஓட்டுநர் நேரத்துக்கு முன் வண்டியை எடுத்தார். குழந்தைக்காரப் பெண்ணைப் பற்றியும் இல்லை, தாளைப் பற்றியும் இல்லை. அறிக்கையோடு ஒரு வெள்ளை உறையையும் வைத்து நீட்டினார். வேலையை விடுகிறேன் என்ற கடிதம். பேருந்துச் சாவியை அதன்மேல் வைத்தார்.

"ஒரு நிமிஷம்மா! ஒரே ஒரு நிமிஷம்!" என்றார் ஹமானோ. "இனிமே இப்படிச் செய்யாதேன்னு நான் சொல்லணும், சரின்னு நீ சொல்லணும். அதோட முடிஞ்சுது."

"அந்த நிமிஷம் நம்மது இல்லைங்க. அவரோடது. என் இஷ்டத்துக்கு எடுத்துட்டேன். பொண்ணு கல்யாணத்துக்கு அந்த மனுஷன் போய்ச் சேர்ந்தாரா இல்லையான்னுகூட நமக்குத் தெரியாது. அவரை நேர்ல பார்க்காம நான் அந்த சீட்ல உட்கார மாட்டேன்."

"பார்த்தப்புறம்?"

"அவர் முகத்தைப் பொறுத்தது."

ஹமானோ உறையை மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். குரிஹாரா ஞாயிற்றுக்கிழமை மாலை விமானத்தில் திரும்பி, அன்று இரவும் எங்களிடமே தங்குவதாக அறை போட்டிருந்தார். காஷிமாவுக்கு அந்த நேரத்தில் வண்டி கிடையாது. "அதுவரைக்கும் நான் இதைப் பிரிக்கல. நீயும் யோசி," என்றார் ஹமானோ.

அன்று மத்தியானம் ஹமானோ ஒக்கினாவாவுக்குப் போன் போட்டார். கல்யாணச் சத்தத்துக்கு நடுவில் குரிஹாராவின் குரல் கேட்டதாம். மன்னிப்புக் கேட்டு, ஹானேடா டிக்கெட்டை ஹோட்டல் ஏற்றுக்கொள்ளும் என்றும், ஓட்டுநர் தானே வண்டியை விட்டு இறங்கிவிட்டார் என்றும் சொல்லியிருக்கிறார். "அப்படியா? வந்து பேசிக்கறேன்" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். போய்ச் சேர்ந்தது எத்தனை மணிக்கு என்று கேட்க ஹமானோவுக்குத் துணிச்சல் வரவில்லை.

'வந்து பேசிக்கறேன்.' இதற்கு ஹோட்டலில் ஆளுக்கொரு அர்த்தம் சொன்னார்கள்.

அக்கா துணி அறைக்குப் போய்ப் படுக்கை விரிப்பு மடிக்க ஆரம்பித்தார். பஸ் முழுவதும் இன்னொரு ஓட்டுநரான நெமோட்டோ தலையில் விழுந்தது. அவருக்கு அறுபத்தெட்டு வயது. "அவ மன்னிப்புக் கேக்கறதுக்கு என் இடுப்பு எதுக்கு தண்டனை அனுபவிக்கணும்?" என்று ஒவ்வொரு நடையும் முடிந்து இறங்கும்போது முனகுவார். அக்கா தினமும் இரண்டு தடவை ரிசப்ஷனுக்கு வந்து என் திரையை எட்டிப் பார்ப்பார்.

"ஞாயிறு இருக்கா?"

"இருக்கு அக்கா. ரத்து பண்ணலை."

"சரி."

இரண்டாம் நாள் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த மாதம் என் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய மாதம். அது கையெழுத்தானால்தான் விசா. ஊரில் என் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் மனதுக்குள் சொல்லிச் சொல்லித்தான் ஒன்றரை நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். துணி அறைக்குப் போனேன்.

"அக்கா, அவர் எங்கிட்ட சொன்னார். பேரை எழுதச் சொன்னார். நான்தான் மறந்துட்டேன்."

"தெரியும். அந்த முனையைப் பிடி."

விரிப்பின் முனையைப் பிடித்தேன். "எப்படித் தெரியும்?"

"ஃப்ரிட்ஜ்ல ஒட்டின சீட்டு கழண்டு முட்டைத் தட்டுல ஒட்டிக்கிட்டு இருந்தது. உன் கோழிக் கிறுக்கல். அஞ்சரை பஸ்னு."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கேதான். இன்னும் கொஞ்சம் இழு. பட்டதாரிக்கு விரிப்பு மடிக்கத் தெரியலை."

"அப்போ ஏன் அறிக்கையில எழுதலை? எழுதியிருந்தா உங்க மேல பாதிதானே…"

விரிப்பை என் கையிலிருந்து வாங்கி, படிய அடித்து, அடுக்கின்மேல் வைத்தார்.

"நீ மறந்தது உன் தப்பு. நான் முன்னாடி எடுத்தது என் தப்பு. உன்னுது பெருசானா என்னுது சின்னதாயிடுமா? நீ பேரை எழுதாட்டியும், நான் இன்னும் ஒரு நிமிஷம் நின்னிருந்தா அவர் ஏறியிருப்பார். அதனால என்னுதை நான் எழுதினேன். உன்னுதை நீ சொல்றதும் சொல்லாததும் உன் பாடு. நான் உனக்கு எழுதித் தர முடியாது."

கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த விரிப்பை உதறினார்.

அன்று மாலையே ஹமானோவிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ரெண்டு நாள் எடுத்துக்கிட்டே," என்றார். மறந்ததற்கு ஒரு பக்கம், மறைத்ததற்கு ஒரு பக்கம் என்று இரண்டு பக்கம் எழுதி வாங்கிக்கொண்டார். ஒப்பந்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு இரவு எட்டேகால் மணிக்குப் போன் வந்தது.

"குரிஹாரா பேசறேன். கம்பத்தடியில நிக்கறேன்."

"ஐயா… வாங்க. எட்டு நாற்பது பஸ் இருக்கு."

"அன்னிக்கு ஓட்டினாங்களே, அந்தம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அவங்களே வரட்டும்," என்று வைத்துவிட்டார்.

அக்கா அன்று வீட்டுக்குப் போகாமல் ஆறு மணியிலிருந்தே காத்துக்கொண்டிருந்தார். சொன்னதைக் கேட்டதும் எழுந்து நின்றார். "திட்டறதுக்கு ஆள் வேணும்ல. நியாயம்தான்." ஐந்து நிமிடத்தில் நீலச் சட்டையில் வந்தார். கையில் நிலக்கடலை இனிப்புப் பெட்டி, காகிதம் சுற்றி, முடிச்சுப் போட்டு. நெமோட்டோ சாவியை நீட்டினார்.

"கிளட்ச் இடது காலுக்கு. ஞாபகம் இருக்கா?"

"உங்க இடுப்புக்கு எண்ணெய் தேய்ங்க," என்று பிடுங்கிக்கொண்டார்.

"நானும் வரேன்," என்றேன். ஹமானோ தானே ரிசப்ஷனில் போய் நின்றுகொண்டு, போ என்று தலையை ஆட்டினார்.

கம்பத்தடியில் நாலைந்து பேர் பெட்டிகளோடு நின்றார்கள். குரிஹாரா வெயிலில் கறுத்திருந்தார். காலியான தெர்மகோல் பெட்டியைத் தரையில் வைத்து அதன்மேல் எதையோ வைத்திருந்தார். அக்கா இறங்கி அவர் முன்னால் போய் நின்று, இடுப்பு வரை மடங்கிக் குனிந்தார்.

குரிஹாரா குனிந்த தலையைப் பார்த்துக் கேட்டார். "பஸ் எத்தனை மணிக்கு?"

"எட்டு நாற்பது."

"இப்போ மணி?"

அக்கா குனிந்தபடியே தலையைத் திருப்பிக் கம்பத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டு முப்பத்தெட்டு."

"அப்போ ரெண்டு நிமிஷம் இருக்கு. சொல்லுங்க."

அக்கா சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. பலகையில் ஐந்தரை என்று இருந்தும் தான் முன்னால் எடுத்தது, அதனால் கல்யாண நாளில் அவரை அலைய விட்டது, மன்னிக்க வேண்டும். இனிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். வாங்கிக்கொண்டார்.

"சரி. இப்போ நான் சொல்றேன். ஒண்ணு ஐம்பதுக்கு மண்டபத்துல போய் இறங்கறேன். டை முதுகுப் பக்கம், டோஃபு கக்கத்துல. உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடறேன். உள்ளே போனா வெறும் நாற்காலி! பூப்போட்ட சட்டையோட மாப்பிள்ளை வீட்டு மாமன் ஒருத்தர் மட்டும் ஜாடியில பூ வச்சுக்கிட்டு இருக்கார். 'அடடே சம்பந்தி, என்ன இவ்வளவு சீக்கிரம்?'னு கேக்கறார்! மாப்பிள்ளையே ரெண்டு பத்துக்குத்தான் வந்தான்!"

பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். ஒக்கினாவாக்காரர்கள் கல்யாணத்துக்குக்கூடச் சொன்ன நேரத்துக்கு வரமாட்டார்கள் என்பது ஜப்பான் முழுக்கத் தெரிந்த கதைதான். ஆனால் அந்த நிமிடம் வரை எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஹமானோவுக்குத் தோன்றவில்லை, நெமோட்டோவுக்குத் தோன்றவில்லை. நான்கு நாள் ஒரு ஹோட்டலே ஒரு நிமிடத்துக்காக அழுதுகொண்டிருந்தது.

அக்கா நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது, சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

"ஆனா ஒண்ணு," என்றார் குரிஹாரா, சிரிப்பை நிறுத்தி. "ஹானேடா போற வரைக்கும் அந்த ஒன்றரை மணி நேரம் நான் நானா இல்லை. அது நடக்கவே இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"ஆமாங்க."

"அதுக்கு நீங்க மன்னிப்புக் கேட்டாச்சு, நான் வாங்கிக்கிட்டாச்சு. முடிஞ்சது. நீங்க வண்டியை விட்டு இறங்கிட்டதா மேனேஜர் சொன்னதைப் பொண்ணுகிட்ட சொன்னேன். என்னைப் பிடிச்சுக்கிட்டா. 'என் கல்யாணத்தால ஒருத்தர் வேலை போச்சுன்னா எனக்கு விளங்குமா? நீ போய் அவங்க பஸ்லயே ஏறு'ன்னுட்டா." தெர்மகோல் பெட்டிமேல் இருந்ததை எடுத்து நீட்டினார். கருப்பட்டி மிட்டாய்ப் பெட்டி. "இது அவ கொடுத்தது. பேரை ஒழுங்கா எழுதாம என் பங்குக்கு நானும் தொந்தரவு கொடுத்துட்டேன். மன்னிக்கணும்," என்று அவரும் குனிந்தார்.

இப்போது இரண்டு பேரும் ஆளுக்கொரு மிட்டாய்ப் பெட்டியோடு எதிரெதிரே குனிந்து நின்றார்கள். யார் முதலில் நிமிர்வது என்று தெரியாத நிலை.

"ஐயா, நீங்க எழுதச் சொன்னீங்க. எழுத மறந்தது நான்," என்றேன்.

குரிஹாரா நிமிர்ந்தார். "ஓ, நீதானா! டோஃபுவைப் பத்திரமா வச்சே, ஆளைக் கோட்டை விட்டுட்டியே!"

"மன்னிக்கணும் ஐயா."

"டோஃபு கெடலை. அதுக்காக விடறேன்."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டு நாற்பது. எல்லாரும் ஏறுங்க."

அவ்வளவு பேரையும் ஏற்றி, பெட்டிகளை அடுக்கி, ஓட்டிக்கொண்டு வந்து விட்டார். குரிஹாரா முன் சீட்டில் உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே குறட்டை விட்டார். ஹோட்டலில் ஹமானோ உறையைத் தயாராக எடுத்து வைத்திருந்தார். அக்கா அதை வாங்கி நான்காகக் கிழித்து, பழைய காகிதத் தொட்டியில் போட்டுவிட்டு, நாளைக்குக் காலையில் முதல் நடை யார் என்று கேட்டார். "நீதான்!" என்று நெமோட்டோ சோபாவில் படுத்தபடியே கத்தினார்.

என் ஒப்பந்தமும் கையெழுத்தானது. ஹமானோ அப்போது சொன்னார்: "நீயா வந்து சொல்லலைன்னா ஞாயித்துக்கிழமை குரிஹாராவே சொல்லியிருப்பார். அப்புறம் நான் இதுல கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்." அக்கா அந்த உண்மையைத் தானே சொல்லித் தன் பாரத்தைக் குறைத்துக்கொண்டிருக்கலாம். சொல்லவில்லை. மூடி மறைத்தும் என்னைக் காப்பாற்றவில்லை. என் பங்கை என் கையிலேயே விட்டுவைத்தார். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "போடா, போய் காபி மெஷினைப் பாரு" என்றார்.

ஒரிகாசா முட்சுமிக்கு இப்போது நாற்பத்தேழு வயது. டோமிசாட்டோவில், பெயிண்ட் கடையில் வேலை பார்க்கும் மகன் டோமொயாவோடு இருக்கிறார். போன மார்ச்சில் நெமோட்டோ ஓய்வு பெற்றதிலிருந்து எங்கள் ஹோட்டலின் மூத்த ஓட்டுநர் அவர்தான். செவ்வாயும் புதனும் விடுமுறை. மற்ற நாட்களில் காலை நாலரை மணி பஸ்ஸிலிருந்து பகல் ஒரு மணி பஸ் வரைக்கும் அவர்தான் ஓட்டுகிறார்.